மேற்குப் பார்த்த வீட்டுக்கு வெளிச்சுவர் நிறம்: கருஞ்சாம்பல் சரிவருமா?

செம்மண்தெரு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். புதுக்கோட்டைக்குச் சற்று வெளியே, செம்மண் சாலையை ஒட்டி எங்கள் வீடு இருக்கிறது. கட்டி முடித்துப் பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. மேற்குப் பார்த்த வாசல், தரைத்தளம், மாடியில் ஓர் அறை. குடிபுகும்போது அடித்த வெளிர்மஞ்சள் சிமென்ட் பெயின்ட்டுக்குப் பிறகு வெளிப்பக்கம் எந்த வேலையும் செய்யவில்லை. இப்போது தெருப்பக்கச் சுவர் வெளுத்துவிட்டது. அடிப்பகுதியில் முழங்கால் உயரத்துக்குச் செம்மண் தெறித்த கறை. வடக்குப் பக்கம் ஒவ்வொரு சன்ஷேடின் கீழும் மை வழிந்ததைப் போலக் கருங்கோடுகள்.

வைகாசியில் தங்கைக்குத் திருமணம். அதற்குள் வெளிப்பூச்சு முடிந்தாக வேண்டும். வீடு முழுவதும் கருஞ்சாம்பலும், சன்ஷேடுக்கும் பட்டைகளுக்கும் வெள்ளையும் அடிக்க வேண்டும் என்பது என் ஆசை. திருச்சியில் அப்படி ஒரு வீட்டைப் பார்த்ததிலிருந்து அது மனத்தை விட்டு அகலவில்லை. அம்மாவோ, “கல்யாண வீட்டுக்குக் கரி பூசப் போகிறாயா?” என்கிறார். அப்பாவுக்குப் பழைய மஞ்சளே போதும். பெயின்டர், “நீங்கள் கலரைச் சொல்லுங்கள், நான் அடிக்கிறேன்” என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டார். கடையில் விசிறி போல விரியும் ஷேடு கார்டைக் கையில் கொடுத்தார்கள். இரண்டு மணி நேரம் புரட்டிப் பார்த்ததில், சாம்பல் என்று நாம் ஒரே சொல்லில் சொல்லிவிடுவதற்குள் எத்தனை சாம்பல்கள் இருக்கின்றன என்பது தெரிந்ததே தவிர, எதை எடுப்பது என்பது தெரியவில்லை.

கருஞ்சாம்பல் அடித்தால் மேற்கு வெயிலுக்கு வீட்டுக்குள் புழுக்கம் கூடுமா, எவ்வளவு காலம் வெளுக்காமல் நிற்கும், இந்தச் செம்மண் தூசிக்கு அது பொருந்துமா என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடன் ஏற்றுக்கொள்வேன்.

சாரம் எழுதியது:

தம்பி, நான் இருபத்தேழு ஆண்டுகள் பெயின்டிங் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்தவன். இப்போது முழங்கால் என்னைச் சாரத்தில் ஏற விடுவதில்லை. நீங்கள் நிறத்தைக் கேட்கிறீர்கள், நான் சுவரைக் கேட்கிறேன். முதலில் உள்ளங்கையைத் தெருப்பக்கச் சுவரில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கோலமாவு தொட்டதைப் போலக் கையில் வெள்ளையாக ஒட்டினால், பழைய சிமென்ட் பெயின்ட் பொடிந்துபோயிருக்கிறது என்று பொருள். அதன்மேல் எமல்ஷனை நேரே அடித்தால் அது சுவரைப் பிடிக்காமல் அந்தப் பொடியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். இரண்டு மழைக்காலம் போனால் வெங்காயத் தோல் உரிவதைப் போல உரியும். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, வெளிச்சுவருக்கான பிரைமரை ஒரு கை அடித்த பிறகுதான் நிறத்துக்கு வேலை.

வடக்குப் பக்கக் கருங்கோடுகள் பாசி. பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தேய்த்துக் கழுவினால் போய்விடும், ஆனால் திரும்பி வரும். சன்ஷேடின் அடிப்பக்கத்தில், வெளிவிளிம்பை ஒட்டி விரல் நுழையும் அளவுக்கு ஒரு பள்ளக்கோடு இருக்கிறதா என்று நிமிர்ந்து பாருங்கள். அது இருந்தால் மழைநீர் அந்த இடத்திலேயே சொட்டிவிடும். இல்லாவிட்டால் அடிப்பக்கமாகவே ஊர்ந்து வந்து சுவரில் இறங்கும். இதைக் கொத்தனாரை வைத்துச் சரிசெய்யாமல் எந்த நிறம் அடித்தாலும் கார்த்திகைக்குள் அதே கோடுகளைப் பார்ப்பீர்கள்.

வெளிச்சுவர் முழுவதும் பட்டி பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். வழவழப்பு நன்றாகத்தான் இருக்கும், ஆனால் ஈரம் ஏறும் சுவரில் பட்டி பலகையாகப் பெயர்ந்து விழுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். விரிசலையும் பள்ளத்தையும் மட்டும் அடைத்தால் போதும். இது என் கருத்து. வேறுவிதமாகச் சொல்பவர்களும் உண்டு.

நிழற்சுவர் எழுதியது:

நண்பருக்கு வணக்கம். நான் கட்டட வடிவமைப்புத் துறையில் இருப்பவள். சாரம் ஐயா சுவரிலிருந்து தொடங்கியது மிகச் சரி. நான் வெயிலிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் வீட்டின் நான்கு சுவர்களுக்கும் கிடைக்கும் வெயில் ஒன்றல்ல.

புதுக்கோட்டை ஏறத்தாழ 10.4 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. சித்திரை தொடங்கிச் சில நாள்களிலிருந்து ஆவணி முற்பகுதி வரை உச்சிச் சூரியன் உங்கள் தலைக்கு வடக்கே சாய்ந்திருக்கும். ஆண்டின் மற்றக் காலம் முழுவதும் தெற்கே. மார்கழியில் அந்தச் சாய்வு 34 பாகை அளவுக்குப் போகும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை பெய்யும்போது சூரியன் தெற்கே போய்விடுவதால், மழையை வாங்கும் வடக்குச் சுவருக்கு அதைக் காயவைக்கும் வெயில் கிடைப்பதில்லை. உங்கள் வடக்குச் சுவரில் மட்டும் பாசி பிடிப்பதற்கு, சன்ஷேடு குறையோடு இதுவும் காரணம். அந்தப் பக்கத்துக்கு வெள்ளையோ மிக வெளிரிய நிறமோ வேண்டாம்.

மேற்குச் சுவரின் தொல்லை வேறு. மூன்று மணிக்கு மேல் சூரியன் தாழ்ந்து வந்து சுவரின் முகத்தில் நேராக அடிக்கும்; சன்ஷேடு அந்தச் சாய்ந்த வெயிலைத் தடுக்காது. சில ஷேடு கார்டுகளில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒளி பிரதிபலிப்பு மதிப்பு என்று ஓர் எண் அச்சிட்டிருப்பார்கள். முழுக் கறுப்புக்கு 0, தூய வெள்ளைக்கு 100. நீங்கள் விரும்பும் கருஞ்சாம்பல் சுமார் 10-இல் இருக்கும், நல்ல வெள்ளை 80-ஐத் தாண்டும், சந்தன நிறங்கள் பெரும்பாலும் இடையில் 50 முதல் 70 வரை நிற்கும். கருஞ்சாம்பல் சுவர் மாலை முழுவதும் குடிக்கும் வெப்பம் ஒன்பது அங்குலச் செங்கல் சுவரைக் கடந்து உள்ளே வந்து சேரச் சில மணி நேரம் ஆகும். அதாவது நீங்கள் சாப்பிட்டுவிட்டுப் படுக்கும் நேரத்துக்குச் சரியாக வந்து சேரும். மேற்கில் படுக்கையறை இருந்தால் இதை நன்றாக யோசித்துக்கொள்ளுங்கள்.

கரும்பலகை எழுதியது:

எல்லோரும் சேர்ந்து இன்னொரு சந்தன நிற வீட்டை உருவாக்கிவிடப் போகிறீர்கள் என்று அஞ்சுகிறேன். என் தெருவில் பதினோரு வீடுகளில் எட்டு வீடுகள் அதே நிறம். புதிதாக வருகிறவர்கள் கதவு எண்ணைப் பார்த்துத்தான் வீட்டைக் கண்டுபிடிக்கிறார்கள். நமது ஊர்களில் அழுத்தமான நிறங்களுக்கு எப்போதும் இடம் இருந்திருக்கிறது. கோயில் மதிலின் காவிப் பட்டையை யாரும் சூடு என்று குறை சொல்வதில்லை. சென்னையில் 1913-இல் திறக்கப்பட்ட ரிப்பன் கட்டடம் வெள்ளை வெளேரென்று நிற்கிறது. கூப்பிடு தூரத்தில் சென்ட்ரல் ரயில் நிலையம் சிவந்து நிற்கிறது. இரண்டுக்கும் அதே வெயில், அதே வாகனப் புகை. புதுச்சேரியின் பிரெஞ்சுப் பகுதியில் மஞ்சள் சுவரும் வெள்ளை விளிம்புமாக நிற்கும் வீடுகளைப் பார்க்கத்தானே ஊரெல்லாம் கேமராவோடு போகிறது?

சூட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம் ஊர் வெயிலில் வீட்டுக்குள் இறங்கும் வெப்பத்தில் பெரும்பங்கு மொட்டை மாடி வழியாகத்தான் வருகிறது. காலை முதல் மாலை வரை வெயிலைப் பார்ப்பது அதுதான். சுவரின் நிறத்துக்காக இவ்வளவு விவாதிக்கும் நாம், மாடியில் கறுத்துப்போன தட்டோட்டைப் பற்றி ஒரு சொல் சொல்வதில்லை. அங்கே வெள்ளைப் பூச்சு ஒன்றை அடித்துவிட்டுச் சுவருக்கு மனத்துக்குப் பிடித்ததை அடிக்கலாம் என்பது என் கட்சி.

நிழற்சுவர் எழுதியது:

மொட்டை மாடியைப் பற்றி நீங்கள் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். நானே முதலில் சொல்லியிருக்க வேண்டும். சுவர் பெயின்ட்டை மட்டும் மாடித் தரைக்கு அடித்துவிடாதீர்கள், அது மிதிபடுவதற்கும் தேங்கும் நீருக்கும் ஆகாது. அதற்கென்றே தனிப் பூச்சுகள் இருக்கின்றன, வசதியிருந்தால் வெள்ளை ஓடும் பதிக்கலாம்.

ஆனால் நீங்கள் எடுத்துக்காட்டிய மூன்றையும் சற்று உற்றுப் பாருங்கள். கோயில் காவி, செங்கற்சிவப்பு, புதுச்சேரி மஞ்சள் ஆகியவை எல்லாம் மண்ணோடு உறவுள்ள நிறங்கள். இரும்புத் துருவின் உறவினர்கள் என்றே சொல்லலாம். வெயிலும் மழையும் செய்யக்கூடியதையெல்லாம் இரும்பு ஆக்சைடு ஏற்கெனவே பார்த்துவிட்டது. அவை அழுத்தமானவை என்பதால் நிற்கவில்லை, அவற்றின் நிறமி உறுதியானது என்பதால் நிற்கின்றன. அழுத்தத்திலேயே இரண்டு வகை உண்டு என்பதுதான் நான் சொல்ல விரும்புவது.

கடலோரம் எழுதியது:

அந்த இரண்டாவது வகையை நான் பணம் கொடுத்து வாங்கியவன். நாகப்பட்டினத்தில் கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் என் வீடு. ஐந்து ஆண்டுகளுக்கு முன் முன்பக்கம் முழுவதும் நாவல்பழ நிறமும் ஓரங்களில் பளிச்சென்ற எலுமிச்சை மஞ்சளும் அடித்தேன். பொங்கலுக்குள் முடித்துவிட வேண்டும் என்று நானே அவசரப்படுத்தினேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். மழை விட்டு இரண்டு வாரம்கூட ஆகாத மார்கழியில், சுவர் தொட்டால் குளிர்ந்திருந்த நிலையில், எங்கள் கான்ட்ராக்டர் மறுப்பேதும் சொல்லாமல் ரோலரை எடுத்தார்.

அடுத்த ஆடிக்குள் கொப்புளங்கள். அதைவிட வேடிக்கை, நிறம் வெளுத்த விதம். மேற்குப் பக்கம் நாவல்பழம் அலசிப் போட்ட பழைய துணியின் நிறத்துக்கு வந்துவிட்டது, போர்டிகோவுக்குள் மட்டும் அடித்த அன்று இருந்ததைப் போலவே இருக்கிறது. ஒரு மூலையில் நின்று பார்த்தால் இரண்டு வீடுகளை ஒட்டவைத்தது போலத் தெரியும். மஞ்சளோ மூன்று கை அடித்தும் கீழே இருந்த பழைய நிறத்தை மறைக்கவில்லை. மீதமிருந்த பெயின்ட்டை வைத்துக் கொப்புளம் எடுத்த இடங்களில் ஒட்டுப்போட முயன்றேன். வெளுத்த சுவரில் புதிய நிறம் வட்டவட்டமாக, சட்டையில் போட்ட ஒட்டைப் போலத் தெரிந்ததால் பாதியில் விட்டுவிட்டேன்.

சாரம் எழுதியது:

நாகப்பட்டினத்து நண்பர் சொன்னதற்குக் காரணம் சொல்கிறேன், செம்மண்தெருத் தம்பிக்கும் இது பயன்படும். இப்போது கடையில் நிறத்தை டின்டிங் மிஷின்தான் கலந்து கொடுக்கிறது. ஷேடு எண்ணைத் தட்டினால் எந்தெந்தச் சாயம் எவ்வளவு என்று திரையில் வரும். கடைக்காரரிடம் அதைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கேட்பவர்கள் குறைவு என்பதால் சிலர் வியப்பாகப் பார்ப்பார்கள், ஆனால் மறுக்க மாட்டார்கள். மஞ்சள் ஆக்சைடு, ரெட் ஆக்சைடு, கறுப்பு, வெள்ளை ஆகியவற்றால் வரும் நிறங்கள் பெரும்பாலும் வெயிலில் நிற்கும். பளிச்சென்ற மஞ்சள், ஊதா, இளஞ்சிவப்பு, ரத்தச் சிவப்பு ஆகியவற்றுக்கு வேறு சாயங்கள் வேண்டும். அவற்றில் பல வெயிலுக்குத் தோற்பவை. மேலும் அத்தகைய நிறங்களை வெள்ளை குறைவான பேஸில்தான், அதாவது சாயம் சேர்ப்பதற்கு முந்தைய மூலப் பெயின்ட்டில்தான், கலக்க முடியும் என்பதால் மறைக்கும் திறனும் குறையும், விலையும் ஏறும்.

கருஞ்சாம்பலுக்கு அந்தக் குறை இல்லை, கறுப்பு உறுதியான சாயம்தான். அதன் குறை தூசி. செம்மண் சாலையில் ஒரு லாரி போனால் போதும், சாம்பல் சுவரில் இளஞ்சிவப்பாகப் படிந்து நிற்கும். எழுதும்போதே எனக்குக் கண்ணில் தெரிகிறது.

இன்னொன்று. அடிச்சுவரில் தரையிலிருந்து ஈரம் ஏறுகிறதா என்று பாருங்கள். ஒன்றரை அடிச் சதுரத்துக்கு ஒரு பாலித்தீன் தாளை வெட்டி, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப்பால் சுவரில் ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பிரித்துப் பார்க்கவும். தாளின் உள்பக்கம் முத்துமுத்தாக வியர்த்திருந்தால் சுவருக்குள் தண்ணீர் இருக்கிறது. நான்கு பக்கமும் தனித்தனியாகச் செய்யுங்கள்.

செம்மண்தெரு எழுதியது:

உங்கள் அனைவருக்கும் நன்றி. சொன்னவற்றைச் செய்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

உள்ளங்கைத் தேர்வில் மேற்குச் சுவர் தோற்றது. கை முழுவதும் மாவு. வடக்கில் ஐந்து சன்ஷேடுகளில் ஒன்றில்கூட அந்தப் பள்ளக்கோடு இல்லை. பதினான்கு ஆண்டுகள் அவற்றின் கீழே நடந்திருக்கிறேன், ஒருமுறையும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

பாலித்தீன் தாளை நான்கு சுவர்களிலும் ஒட்டினேன். மேற்கு, தெற்கு, வடக்கு மூன்றிலும் தாள் காய்ந்தே இருந்தது. கிழக்கே, பின்சுவரில், குளியலறைக்கு வெளியே ஒட்டிய தாளை மறுநாள் காலையில் உரித்தபோது உள்பக்கம் துளித்துளியாக நீர் கோத்திருந்தது. அந்த இடத்தில் தரையிலிருந்து இரண்டடி உயரம் வரை பூச்சின்மேல் பஞ்சு போல வெள்ளையாக ஏதோ பூத்திருப்பதையும் அப்போதுதான் கவனித்தேன். விரலால் தட்டினால் உதிர்கிறது.

அடிச்சுவருக்கு இரண்டரை அடி உயரத்தில் கருஞ்சிவப்புப் பட்டை அடித்துவிட்டால் செம்மண் கறை தெரியாது என்று ஒரு யோசனை வந்தது. மேலே கருஞ்சாம்பலை நான் இன்னும் முழுதாகக் கைவிடவில்லை.

சாரம் எழுதியது:

பஞ்சு போலப் பூத்திருப்பது உப்பு. செங்கல்லிலும் சிமென்ட்டிலும் இருக்கும் உப்பைத் தண்ணீர் கரைத்து வெளியே கொண்டுவந்து, தான் மட்டும் ஆவியாகிப் போய்விடுகிறது. குளியலறைக் குழாய் அல்லது தரை ஓட்டின் இணைப்பு எங்கேயோ கசிகிறது. அதைச் சரிசெய்து, சுவர் முழுதாகக் காய்ந்த பிறகே அந்தப் பகுதியில் கை வைக்க வேண்டும். ஈரத்தைத் தடுக்கும் பெயின்ட் என்று விற்பதை அதன்மேல் அடித்து மூடினால், தண்ணீர் வேறு இடத்தில் வாயைத் திறக்கும். பழைய பூச்சைக் கொத்திப் புதிதாகப் பூசினால் 28 நாள் காத்திருங்கள். பச்சைப் பூச்சில் இருக்கும் காரம் பெயின்ட்டின் நிறத்தையே அரித்துவிடும்.

கருஞ்சிவப்புப் பட்டை செம்மண்ணை மறைக்கும், உண்மை. ஆனால் உப்பு பூத்தால் அதே பட்டையில்தான் வெள்ளை வெள்ளையாகத் தெரியும். இரண்டையும் ஓரளவு தாங்குவது நடுத்தரமான செங்கல் நிறம். சுட்ட செங்கல்லைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள், அதைவிட ஒரு படி மங்கலாகக் கேளுங்கள்.

பழையவீடு எழுதியது:

காரைக்குடிப் பக்கத்து வீட்டில் வளர்ந்தவன் என்ற முறையில் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சுண்ணாம்புக் காரைச் சுவருக்கு ஆண்டுக்கொருமுறை பொங்கலுக்கு முன் நீலம் கலந்து வெள்ளையடித்த காலத்தில், நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் இந்தத் தலைவலியே இருந்ததில்லை. சுண்ணாம்பு சுவரை மூச்சுவிட விடும், ஈரம் உள்ளே அடைபடாது. ஆனால் ஏற்கெனவே எமல்ஷன் அடித்த சுவரில் சுண்ணாம்பு பிடிக்காது. செம்மண்தெரு நண்பரின் வீடு அந்த வழியில் இன்னும் போகவில்லை என்பதால், பின்சுவருக்கும் சுற்றுமதிலுக்குமாவது இதை எண்ணிப் பார்க்கலாம். ஆண்டுதோறும் அடிக்க ஆள் கிடைப்பாரா என்று கேட்டால், என்னிடம் பதில் இல்லை.

நிழற்சுவர் எழுதியது:

இனி நிறத்துக்கு வருவோம். ஷேடு கார்டை மூடிவைத்துவிட்டு, வீட்டில் மாற்றப் போகாத நிறங்கள் எவை என்று முதலில் பாருங்கள்: வாசற்படியின் கிரானைட், கதவின் தேக்கு, மாடி விளிம்பின் ஓடு, எதிரே ஓடும் செம்மண். சுவர் நிறம் இவற்றோடுதான் காலம் தள்ள வேண்டும். உங்கள் வீட்டைச் சுற்றி ஏற்கெனவே சிவப்பும் பழுப்பும் நிறைய இருக்கின்றன. நீலச்சாயல் உள்ள சாம்பல் அவற்றின் நடுவே தனித்து, சற்றே நோயுற்றதைப் போல நிற்கும். மண்சாயல் உள்ள சாம்பலோ, சாம்பல் கலந்த சந்தனமோ இயல்பாக உட்கார்ந்துவிடும்.

சிறு அட்டையில் பார்க்கும் நிறம் பெரிய சுவரில் அதே நிறமாக இருக்காது. வெயிலில் வெளிறியும், பரப்பு கூடக்கூட அதன் சாயல் பளிச்சென்றும் தோன்றும். அட்டையில் அழகான மஞ்சளாக இருப்பது சுவரில் கூவும். கடையில் பார்க்கும்போது “இது என்ன, அழுக்கு போல இருக்கிறதே” என்று தோன்றும் நிறமே பலமுறை வெளிச்சுவரில் சரியாக அமைகிறது.

ஆகவே மாதிரி அடித்துப் பாருங்கள். சில நிறுவனங்கள் 200 மில்லி அளவில் மாதிரிப் புட்டி தருகின்றன, கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் வாங்கினாலும் இழப்பில்லை. பிரைமர் அடித்த இடத்தில், மூன்றடிக்கு மூன்றடிச் சதுரமாக, இரண்டு கை, மேற்கிலும் வடக்கிலும். சதுரங்களை ஒட்டியொட்டி அடிக்காதீர்கள், ஒன்றின் சாயல் மற்றொன்றின்மேல் ஏறும். ஈரத்தில் பால் கலந்தது போல வெளுத்துத் தெரியும் எமல்ஷன் காய்ந்த பிறகு ஒரு படி கறுக்கும் என்பதால் அன்றே தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். காலை, உச்சி, மாலை என மூன்று வெளிச்சத்திலும், சாலையின் எதிர்ப்புறம் நின்று பாருங்கள். பளபளப்பு வகையைத் தவிர்க்கவும். மாலை வெயில் பக்கவாட்டில் விழும்போது கொத்தனாரின் கரண்டி போன வழியெல்லாம் அது காட்டிக்கொடுக்கும்.

கருஞ்சாம்பலைக் கைவிடச் சொல்லவில்லை. அதை எங்கே வைப்பது என்பதே கேள்வி.

கரும்பலகை எழுதியது:

அந்தக் கடைசி வரிக்காகக் காத்திருந்தேன். போர்டிகோவுக்குள், வாசற்கதவு இருக்கும் உள்வாங்கிய சுவரில் வையுங்கள். மேலே கூரை இருப்பதால் வெயில் விழுவது சாய்ந்த பிறகு சிறிது நேரம்தான். தெருத் தூசியும் அவ்வளவு எட்டாது. தேக்குக் கதவு அந்தப் பின்னணியில் எடுத்துக்காட்டும். பட்டைகளை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். சன்ஷேடுக்கு ஒரு நிறம், தூணுக்கு ஒரு நிறம், கைப்பிடிச் சுவரின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நிறம் என்று அடித்த வீடுகளைப் பார்க்கும்போது, தேர்வு செய்ய முடியாமல் எல்லாவற்றையும் வாங்கிவிட்டார்களோ என்று தோன்றும். மூன்று நிறத்துக்கு மேல் வேண்டாம்.

வாஸ்துப்படி மேற்கு வாசலுக்கு இன்ன நிறம்தான் என்று யாராவது தொடங்குவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: அந்தப் பட்டியல்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. வீட்டுப் பெரியவர்களுக்கு நம்பிக்கை இருந்தால் அவர்களிடம் கேளுங்கள், இங்கே வேண்டாம்.

செம்மண்தெரு எழுதியது:

ஒன்பது நாள்களுக்குப் பிறகு எழுதுகிறேன். மேற்குச் சுவரைக் கழுவி, பிரைமர் அடித்து, நான்கு சதுரங்கள் போட்டோம்: நான் விரும்பிய கருஞ்சாம்பல், அப்பாவின் மஞ்சளுக்கு நெருங்கிய ஒரு சந்தனம், ஒரு வெளிர்சாம்பல், கடையில் யாருமே திரும்பிப் பார்க்காத, காய்ந்த வைக்கோலில் சாம்பல் தூவியது போன்ற ஒன்று. கடைசியதை நிழற்சுவர் அவர்களின் சொல்லை நம்பித்தான் வாங்கினேன்.

காலை ஏழு மணிக்கு நான்கும் அடக்கமாக இருந்தன. அந்த நேரத்தில் மேற்குச் சுவர் நிழலில் இருப்பதால் கருஞ்சாம்பல் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. உச்சிப்பொழுதில் வெளிர்சாம்பல் வெளிறிய நீலமாகிவிட்டது. பள்ளிக்கூடச் சுவர் போல இருக்கிறது என்றாள் தங்கை. மாலை ஐந்தரைக்குச் சாலைக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. செம்மண்ணில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் சுவர் முழுவதையும் சிவக்கவைக்கிறது. சந்தனம் ஆரஞ்சாக எரிந்தது. வைக்கோல் சாம்பல் மட்டும் அப்போதுதான் சந்தனமாக ஆனது. அப்பா அதைக் காட்டி, “இதுதானே நான் சொன்ன மஞ்சள்?” என்றார். இல்லை என்று நான் சொல்லவில்லை.

கருஞ்சாம்பல் சதுரத்தின்மேல் ஆறரைக்குக் கையை வைத்தேன். வெயில் போயும் அது தோசைக்கல் போலக் கனன்றுகொண்டிருந்தது. நான்கடி தள்ளி இருந்த வைக்கோல் சாம்பலில் கையை வைத்துக்கொண்டே நிற்க முடிந்தது. அந்தச் சுவருக்குப் பின்னால் அப்பாவும் அம்மாவும் படுக்கும் அறை. நான்காம் நாள், சாரம் ஐயா சொன்ன அந்த லாரியும் வந்துபோனது. சாம்பல் சதுரத்தில் என் விரலால் பெயர் எழுத முடிந்தது.

எனவே முடிவு: சுவர் முழுவதும் வைக்கோல் சாம்பல், அடியில் இரண்டரை அடிக்கு மங்கிய செங்கல் நிறம், போர்டிகோ உள்சுவரில் மட்டும் கருஞ்சாம்பல். சன்ஷேடும் சுவரின் நிறமே. எவ்வளவு வாங்குவது என்று யாராவது கணக்குச் சொல்ல முடியுமா? ஜன்னல், கதவு கழித்து வெளிப்பரப்பு சுமார் 2,200 சதுர அடி வருகிறது. அதில் அடிப்பட்டை 350, போர்டிகோ 120.

சாரம் எழுதியது:

நல்ல முடிவு தம்பி. வழவழப்பான சுவரில் ஒரு லிட்டர் இரண்டு கைக்கு 60 சதுர அடி வரை வரும். உங்களுடையது சொரசொரப்பான பழைய பூச்சு, 50 என்றே வைத்துக்கொள்ளுங்கள். மேல்சுவர் 1,730 சதுர அடிக்கு ஏறத்தாழ 35 லிட்டர். 20 லிட்டர் வாளி இரண்டு வாங்கினால் சன்ஷேடின் அடிப்பக்கத்துக்கும் பின்னால் வரும் ஒட்டுவேலைக்கும் மிச்சம் இருக்கும். செங்கல் நிறத்துக்கு 4 லிட்டர் டப்பா இரண்டு, கருஞ்சாம்பலுக்கு ஒன்று.

இரண்டு வாளியையும் ஒரே நாளில் ஒரே மிஷினில் கலந்து வாங்குங்கள். அடிப்பதற்கு முன் இரண்டையும் ஒன்றோடொன்று ஊற்றிக் கலந்துவிடச் சொல்லுங்கள். ஒரே எண்ணாக இருந்தாலும் வாளிக்கு வாளி மயிரிழை வேறுபாடு வரும், நடுச்சுவரில் வாளி மாறினால் அது கோடாகத் தெரியும். மூடியில் ஒட்டிய சீட்டைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கருஞ்சாம்பல் மாதிரிச் சதுரத்தின்மேல் வெளிர்நிறத்தை நேரே அடிக்க வேண்டாம். அங்கே மட்டும் முதலில் ஒரு கை வெள்ளைப் பிரைமர், இல்லாவிட்டால் மூன்று கை அடித்தாலும் அடியிலிருந்து எட்டிப் பார்க்கும்.

மாசி போய்ப் பங்குனி வந்துவிட்டது. மேற்குச் சுவரைக் காலையிலும் கிழக்குச் சுவரை மாலையிலும் அடிக்கச் சொல்லுங்கள். சுடுகிற சுவரில் ரோலர் வைத்தால் பெயின்ட் பரவுவதற்குள் காய்ந்து, ரோலர் போன தடம் அப்படியே நிற்கும்.

செம்மண்தெரு எழுதியது:

அப்படியே செய்கிறோம் ஐயா. நேற்றே கொத்தனார் வந்து ஐந்து சன்ஷேடுகளின் அடியிலும் பள்ளக்கோடு வெட்டிவிட்டுப் போனார். குளியலறையில் கசிந்தது, சுவருக்குள் இருந்த குழாயின் ஒரு முழங்கை இணைப்பு, பிளம்பர் மாற்றிவிட்டார். பின்சுவரின் அந்தப் பகுதியைக் கொத்திப் புதிதாகப் பூசியிருக்கிறோம். சுவர் முழுதாகக் காய வேண்டும் என்று நீங்கள் சொன்னதால், 28 நாள் கழிந்ததும் மறுபடி பாலித்தீன் ஒட்டிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். தாள் வியர்த்தால் அந்த இடம் மட்டும் கல்யாணத்தன்று சிமென்ட் நிறத்திலேயே நிற்கும். அம்மா முதலில் முகத்தைச் சுளித்தார். பிறகு, சமையல் பந்தலை அந்தப் பக்கமாகப் போட்டுவிட்டால் யார் கண்ணிலும் படாது என்று அவரே வழி சொல்லிவிட்டார். திங்கட்கிழமை காலையில் சாரம் கட்டுகிறார்கள்.